கலைநயத்துடன் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரில் தமிழ் எழுதித் திருத்தும் வேலையில் இருப்பவர்களின் மேசைக்கு அழைப்பிதழ், செய்திக்குறிப்பு, போட்டி விதிமுறை, பேரங்காடி முகப்பில் வைக்கும் அறிவிப்பு என்று தாள் தாளாக வரும். அநேகமாக எல்லாவற்றிலும் 'கலைநயத்துடன்' என்ற சொல் இருக்கும். வண்ண அரிசிக் கோலம், தோரணம், மேடை, நடனம் எல்லாமே கலைநயத்துடன்தான். சொல்லில் பிழையில்லை. தமிழில் நன்றாக நிலைத்த சொல் அது. ஆனால் பத்து இடத்தில் வந்தால் நான்கைந்து இடத்திலாவது பொருந்தாத வினையின் தலையில் ஏறியிருக்கும். இந்த ஒரு வினையடையை எங்கே வைப்பது, எங்கே விடுவது, எங்கே வேறு சொல்லை எடுப்பது என்பதைத் திருத்தும் வேலையில் கண்டபடி இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொல்லின் உடம்பைப் பார்த்துவிடலாம். கலை, நயம் இரண்டும் சேர்ந்து கலைநயம். சேர்த்தே எழுத வேண்டும். மகர ஈற்றுப் பெயர் என்பதால் உருபு ஏறும்போது 'அத்து' சாரியை வரும். நயம், அத்து, உடன் மூன்றும் சேர்ந்து நயத்துடன் ஆகும். அழைப்பிதழ்களில் 'கலைநயமுடன்' என்று காண்கிறோம். 'நலமுடன்', 'வளமுடன்' என்ற வழக்கைப் பார்த்துப் பிறந்த வடிவம் அது. வாழ்த்துரையில் கண்ணை உறுத்தாது. கட்டுரையிலும் செய்தியிலும் 'கலைநயத்துடன்' என்றே திருத்திவிடுவோம். 'கலைநயத்தோடு' என்பதும் அதே பொருள்தான். ஓடு சற்று நெருக்கமான தொனி, உடன் சற்று விலகிய தொனி. ஒரே பத்தியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாமல் ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது.

ஒற்றுப் பிழை அதிகம் விழும் இடம் அடுத்து. 'கலைநயத்தோடுச் செதுக்கினார்' என்று எழுதக் கூடாது. ஓடு உருபுக்குப் பின் வல்லினம் மிகாது. கலைநயத்தோடு செதுக்கினார், அவ்வளவுதான். உடன் மெய்யில் முடிவதால் அங்கே சிக்கலே இல்லை. 'ஆக' என்று முடியும் வினையடைக்குப் பின்தான் மிகும்: அழகாகக் கோலமிட்டாள், நேர்த்தியாகச் செதுக்கினார். 'உற', 'பட' என்று முடிபவற்றுக்குப் பின்னும் மிகும்: எழிலுறச் செதுக்கினார், திறம்படப் பாடினார். 'இன்றி'க்குப் பின்னும் அப்படியே: கலைநயமின்றிச் செதுக்கினார். பெயரடையாக மாற்றினால் மறுபடி மிகாது: கலைநயமிக்க சிற்பம், கலைநயமிகு கோபுரம். ஒரே வேர்ச்சொல்லுக்கு இத்தனை நடத்தை இருப்பதால்தான் நன்றாக எழுதுபவர்களும் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இனி முக்கியமான இடம். வினையடை 'எப்படி?' என்ற கேள்விக்குப் பதில். எந்த வினையிடம் 'எப்படிச் செய்தார்?' என்று கேட்க முடியாதோ, அந்த வினைக்குக் கலைநயத்துடன் ஒட்டாது. கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். 1873-இல் தோன்றிய ஆலயம். ஐந்து நிலைகள் கொண்ட அதன் ராஜகோபுரம் 22.9 மீட்டர் உயரம். இதைப் பற்றிச் சுற்றுலாக் கையேட்டு நடையில் எழுத உட்கார்ந்தால் இப்படி ஒரு வாக்கியம் எளிதாக விழுந்துவிடும்: 'ஆலயக் கோபுரம் கலைநயத்துடன் 22.9 மீட்டர் உயரம் கொண்டது.' உயரம் கொள்வதைக் கலைநயத்துடனோ கலைநயம் இல்லாமலோ செய்ய முடியாது. உயரம் ஓர் அளவு. அதில் கைவேலை எதுவும் இல்லை. கைவேலை சுதைச் சிற்பத்தில் இருக்கிறது. எனவே வினையடையை அங்கே கொண்டுபோக வேண்டும்: '22.9 மீட்டர் உயரமுள்ள ஐந்துநிலைக் கோபுரத்தில் தெய்வ உருவங்களைச் சுதையில் கலைநயத்துடன் வடித்திருக்கிறார்கள்.' சொல் மாறவில்லை. வடித்தல் என்ற வினைக்குப் பக்கத்தில் போனதும் உயிர் வந்துவிட்டது.

இதிலிருந்து நாங்கள் கையாளும் சோதனை ஒன்று உண்டு. வினையைச் செய்தவருக்கு அந்த இடத்தில் தெரிவு செய்ய ஏதாவது இருந்ததா என்று கேட்டுப் பார்ப்பது. கோட்டை வளைக்கலாமா நேராக இழுக்கலாமா, சிவப்பா மஞ்சளா, கையை விரிப்பதா குவிப்பதா என்று முடிவெடுக்க இடமிருந்தால் கலைநயத்துடன் பொருந்தும். பாத்திக் துணி செய்யும் வேலையில் இதைத் தெளிவாகக் காணலாம். உருகிய மெழுகைச் சிறு மூக்குள்ள கருவியால் துணியில் கோடாக இழுப்பார்கள். அதைக் கலைநயத்துடன் இழுக்கலாம். கோட்டுக்குள் சாயம் தீட்டுவார்கள். அதையும் கலைநயத்துடன் தீட்டலாம், ஒரு நிறம் இன்னொன்றில் கரைவது தீட்டுபவரின் தெரிவு. பிறகு கொதிநீரில் முக்கி மெழுகைப் போக்குவார்கள். 'துணியைக் கலைநயத்துடன் கொதிநீரில் முக்கினர்' என்றால் படிப்பவர் நின்றுவிடுவார். அங்கே தெரிவு எதுவும் இல்லை, பக்குவம்தான் இருக்கிறது. 'பக்குவமாக', 'கவனமாக', 'பதம் பார்த்து' என்பவை அந்த வினைக்குரிய சொற்கள். ஒரே கைத்தொழிலுக்குள்ளேயே இரண்டு வினை ஏற்கிறது, ஒன்று ஏற்கவில்லை. கோலத்திலும் இதே கதைதான். மாவு அரைப்பதும் தரை மெழுகுவதும் கலைநயத்துடன் நடப்பதில்லை. புள்ளி வைத்து இழை இழுப்பது நடக்கும்.

'இரு' என்ற வினையோடு சேர்ப்பதைக் கூடுமானவரை தவிர்க்கலாம். 'மண்டபம் கலைநயத்துடன் இருக்கிறது' என்று எழுதுவதைவிட 'மண்டபம் கலைநயம் மிக்கது' என்பது நேராக இருக்கிறது. 'கலைநயத்துடன் அமைந்துள்ளது' என்பதை ஏற்கலாம், அமைப்பு என்பதில் அமைத்தவரின் கை ஒளிந்திருக்கிறது. 'கலைநயத்துடன் கூடிய மண்டபம்' என்பது இலக்கணப்படி சரி, ஆனால் இழுவை. 'கலைநயமிக்க மண்டபம்' என்றால் முடிந்தது. 'கலைநயமான முறையில் அலங்கரிக்கப்பட்ட' என்பதில் 'முறையில்' வெறும் சுமை. எடுத்துப் போட்டுவிட்டு 'கலைநயத்துடன் அலங்கரித்த' என்று எழுதினால் போதும்.

'முறையில்' எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது இந்த நாட்டுக்கே உரிய சிக்கல். இங்கே நம் வாக்கியங்களில் பாதி மலாயிலிருந்து மொழிபெயர்ந்து வருகின்றன. மலாயில் 'செச்சாரா' என்ற சொல்லை முன்னால் போட்டால் பெரும்பாலான அடைகள் வினையடையாகிவிடும். மொழிபெயர்ப்பவர் அதை இயந்திரம்போல் 'முறையில்' என்றோ 'ரீதியாக' என்றோ மாற்றுகிறார். 'செச்சாரா ஆர்ட்டிஸ்டிக்' என்பது 'கலைரீதியாக' ஆகிவிடுகிறது. 'சிற்பி கலைரீதியாகச் செதுக்கினார்' என்று அச்சேறுகிறது. இது பொருட்பிழை. தமிழில் 'ரீதியாக' ஒரு செயலின் பாங்கைச் சொல்வதில்லை. எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்கிறது. சட்டரீதியாக, பொருளாதார ரீதியாக என்பவற்றை நினைத்துப் பாருங்கள். 'அந்த நாடகம் கலைரீதியாகச் சிறந்தது, வசூலில்தான் தோற்றது' என்பது மிகச் சரியான வாக்கியம். அங்கே நாம் சொல்வது கலை என்ற அளவுகோலால் அளந்தால் என்ற பொருள். மலாயிலும் இதற்குத் தனிச் சொல்லாட்சி உண்டு: 'டாரி செகி செனி'. ஆகவே மூலத்தில் 'டாரி செகி' இருந்தால் 'கலைநோக்கில்' அல்லது 'கலைரீதியாக' என்று போடுங்கள். 'செச்சாரா' இருந்தாலோ 'டெங்ஙான் பெனுஹ் செனி' இருந்தாலோ 'கலைநயத்துடன்' என்று போடுங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால், ஆங்கில மூலத்திலிருந்து எழுதுபவர் இந்த வேறுபாட்டை வாக்கியம்தோறும் தாமே முடிவு செய்ய வேண்டும். அகராதி உதவாது.

'கலையாக' என்ற சொல்லையும் சிலர் இதே பொருளில் எழுதுகிறார்கள். அது வேறு. 'ஆக' விகுதிக்கு இரண்டு வேலை உண்டு. 'அழகாக' என்பதில் பாங்கைச் சொல்கிறது. 'மருத்துவராக' என்பதில் தகுதியைச் சொல்கிறது. 'கலையாக' என்பதில் இரண்டாவது வேலையே நடக்கிறது. 'உறுமி வாசிப்பதை அவர்கள் ஒரு கலையாகப் பயின்றார்கள்' என்றால் சரி. 'உறுமியைக் கலையாக வாசித்தார்' என்றால் பொருள் நொண்டுகிறது. எழுத்து மாறி 'களையாக' என்று விழுந்தால் முகப்பொலிவைச் சொல்லும் வேறொரு நல்ல சொல்லாகிவிடும்: 'பிள்ளை முகம் களையாக இருக்கிறது'. அதை முகத்துக்கே விட்டுவிடலாம். 'களைநயம்' என்று தட்டச்சாகிய தாள்களும் வருகின்றன. எழுத்துப் பிழை திருத்தும் செயலி 'களை', 'நயம்' இரண்டையும் தனித்தனியே சரி என்று விட்டுவிடலாம், ஆகவே இந்த இடத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

'கலைநயமாக' எழுதலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. இலக்கணம் தடுக்காது. எங்களுக்குத் தயக்கம் 'நயமாக' என்ற பகுதியால். 'நயமாகப் பேசிக் காசைக் கறந்துவிட்டான்', 'நயமான விலைக்குக் கொடுத்தார்' என்று பேச்சில் புழங்கிப் புழங்கி, அந்தச் சொல்லில் பேரமும் தந்திரமும் கொஞ்சம் ஏறிவிட்டன. 'நயம்பட' என்பதில் அந்தக் கறை இல்லை. ஆத்திசூடியின் 'நயம்பட உரை' தமிழ்ப்பள்ளியில் படித்த எவர் வாயிலும் இருக்கும். ஆனால் நயம்பட என்பது பேச்சோடும் எழுத்தோடும் பிணைந்துபோன சொல். 'நயம்பட உரைத்தார்', 'நயம்பட எழுதினார்' என்றால் இனிக்கிறது. 'நயம்படச் செதுக்கினார்' என்பது ஏனோ ஒட்டவில்லை. அங்கே 'எழிலுற'வோ 'கலைநயத்துடன்' என்பதோதான்.

கலைத்திறன், கலைநயம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதும் உண்டு. திறன் செய்பவரிடம் இருப்பது, நயம் செய்த பொருளில் தெரிவது. வேகமான ஜதிக்குத் தாளம் பிசகாமல் கால் வைப்பது திறன். அதே ஜதி முடியும் இடத்தில் கழுத்தை இலேசாகச் சாய்த்து நிறுத்துவது நயம். நடன நிகழ்ச்சி பற்றி எழுதும்போது இந்தப் பிரிப்பு மிகவும் உதவும். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நுண்கலைக் கோயிலைப் போல (1981-இல் தொடங்கிய அமைப்பு) நடனமும் இசையும் முறையாகச் சொல்லித்தரும் இடங்கள் உள்ள ஊர் இது. படிப்பவர்களில் அடவு தெரிந்தவர்கள் கணிசமாக இருப்பார்கள். அவர்களுக்கு 'கலைநயத்துடன் ஆடினார்' என்ற இரண்டு சொல் எதையும் சொல்லாது. அரைமண்டி குலையாமல் ஆடினாரா, நளினமாக ஆடினாரா, ஒயிலாக நடந்தாரா, துடிப்பாக ஆடினாரா? ஒவ்வொன்றும் வேறு. பாட்டுக்கும் தனிச் சொற்கள் உண்டு: சுருதி சுத்தமாக, குழைந்து, உருக்கமாக, அழுத்தம் திருத்தமாக. சிற்பத்துக்கு நுணுக்கமாக, இழைத்து இழைத்து. பூ கட்டுபவர் நெருக்கமாகவும் சீராகவும் கட்டுவார். சிக்குக் கோலம் போடுபவர் இழை அறாமல் போடுவார். இந்தச் சொல் கிடைக்கும் இடத்தில் கலைநயத்துடன் என்பதைப் போடாதீர்கள். பல திறமும் பல நயமும் சேர்ந்து, தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல இடமில்லாத வாக்கியத்துக்காக அதை வைத்திருங்கள்.

சில சமயம் எந்த வினையடையுமே தேவைப்படாது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆர்மீனியன் தெருச் சுவர் ஓவியத்தைப் பற்றி எழுதுபவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் 'கலைநயத்துடன் வரையப்பட்ட' என்று தொடங்குகிறார்கள். 2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்தது அது. அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும்: 'சுவரில் உண்மையான பழைய மிதிவண்டி ஒன்றைப் பொருத்தி, அதில் ஒரு சிறுமியும் பின்னால் ஒரு சிறுவனும் ஏறிப் போவதுபோல் வரைந்திருக்கிறார்.' இதைப் படித்தவருக்கு நயம் தானாகத் தெரியும். மேலே 'கலைநயத்துடன்' என்று ஒட்டினால் நாமே கைதட்டச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

இட ஒழுங்கு அடுத்த பெரிய சிக்கல். தமிழில் வினையடை தனக்கு வலப்பக்கம் முதலில் வரும் வினையைப் பற்றிக்கொள்ளும், அது எச்சவினையாக இருந்தாலும். 'கலைநயத்துடன் மாணவிகள் வரைந்த ஓவியங்களை அரங்கில் அடுக்கினர்.' வரைந்தது கலைநயத்துடனா, அடுக்கியதா? எழுதியவர் அடுக்கியதைத்தான் சொல்ல நினைத்திருக்கலாம். வாக்கியம் வரைந்ததைச் சொல்கிறது. மருந்து எளிது, சொல்லை உரிய வினைக்கு முன்னால் நகர்த்துவது: 'மாணவிகள் வரைந்த ஓவியங்களை அரங்கில் கலைநயத்துடன் அடுக்கினர்.' வினையடைக்கும் வினைக்கும் நடுவே இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வந்துவிட்டால் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே பொருளும் பிரியும்.

எதிர்மறை வாக்கியத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'மேடையைக் கலைநயத்துடன் அமைக்கவில்லை' என்றால் அமைக்கவே இல்லை என்றும் கொள்ளலாம், அமைத்தார்கள் ஆனால் நயமில்லை என்றும் கொள்ளலாம். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமென்றால் 'மேடையைக் கலைநயமின்றி அமைத்திருந்தனர்' என்று எழுதுவதே பாதுகாப்பு. போட்டி நடுவர்கள் குறிப்பு எழுதும்போது இது முக்கியம். தோற்றவர் அந்த வரியைத்தான் பத்து முறை படிப்பார்.

அளவு கூட்டும்போது 'மிகவும் கலைநயத்துடன்' என்று எழுதுவது பரவிவிட்டது. மிகவும் என்பது அடைக்கு அடை: மிகவும் அழகாக, மிகவும் நேர்த்தியாக. கலைநயம் பெயர்ச்சொல்; அதற்கு வேண்டியது பெயரடை. 'மிகுந்த கலைநயத்துடன்' என்பதே சரி. ஒப்பிடும்போதும் அப்படித்தான்: 'சென்ற ஆண்டைவிடக் கூடுதலான கலைநயத்துடன்'. இரண்டு வினையடை சேர்ந்தால் 'உம்' இரண்டிலும் வர வேண்டும். ஒரே வகை உருபாக இருந்தால் காதுக்கு இதம்: 'நேர்த்தியோடும் நயத்தோடும் ஜோடித்தனர்'. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் முதல் இரண்டும் செத்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர்களுக்கு ஒரு வழி. பள்ளிப் பயிற்சியில் 'பொருள் விளங்க வாக்கியம் அமைத்திடுக' என்று கேட்பார்கள். பிள்ளை 'அண்ணன் காவடியைக் கலைநயத்துடன் செய்தார்' என்று எழுதும். இலக்கணம் சரி, ஆனால் பொருள் விளங்கவில்லை. அதைக் காட்டுவதற்கு, கலைநயத்துடன் இருந்த இடத்தில் 'வேகமாக' என்று போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாக்கியம் அதே நிம்மதியோடு நிற்கிறது என்றால், அந்தச் சொல்லின் பொருளை வாக்கியம் இன்னும் பிடிக்கவில்லை. பிறகு தைப்பூசத்தில் பார்த்த காவடியை நினைவுபடுத்தி, அதில் எது அழகாக இருந்தது என்று கேளுங்கள். பினாங்குப் பிள்ளை தண்ணீர்மலையைச் சொல்லும், இங்குள்ள பிள்ளை பத்துமலையைச் சொல்லும். இரண்டிலும் மயிலிறகு வரும். அதை வாக்கியத்துக்குள் இறக்குங்கள்: 'மயிலிறகுகள் இரு புறமும் ஒரே அளவில் விரியும்படி அண்ணன் காவடியைக் கலைநயத்துடன் ஜோடித்தார்.' இப்போது 'வேகமாக' என்று மாற்றிப் பார்த்தால் முதல் பாதி அதற்கு உதவாது என்று பிள்ளைக்கே தெரியும். 'செய்தார்' போய் 'ஜோடித்தார்' வந்ததையும் சுட்டிக்காட்டுங்கள். செய் என்பது எந்த வினையடையையும் வாங்கிக்கொள்ளும் பொது வினை. வரை, தீட்டு, செதுக்கு, வடி, கோர், பின்னு, ஜோடி போன்ற கைவேலை வினைகளை ஒரு பக்கம் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் செய்பொருளையும் ஒரு கண்ணால் கண்ட விவரத்தையும் சேர்க்கச் சொன்னால் ஒரு பாட நேரத்தில் ஆறேழு நல்ல வாக்கியம் கிடைத்துவிடும்.

கதையோ நாடகமோ எழுதுபவர்கள் மட்டும் இந்தச் சொல்லைப் பாத்திரத்தின் வாயில் வைக்காமல் இருப்பது நல்லது. செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ யாரும் கோலத்தைப் பார்த்து 'கலைநயத்தோட போட்டிருக்கீங்க' என்று சொல்வதில்லை. 'அம்சமா இருக்குக்கா, அந்த மயில் கழுத்து வளைவு எப்படி வந்துச்சு?' என்றுதான் கேட்பார்கள்.